கண்ணாயியின் எண்

சசிரேகா சேலத்திலிருந்து கொட்டச்சேடு வந்து இறங்கியபோது மதியம் மூன்று மணி. காப்பிச் செடிகளின் மேல் மூடுபனி கனத்துக் கிடந்தது. எஸ்டேட் ஆபீஸுக்குள் ஈரச் சாக்கு நாற்றம். அவள் கம்பெனி பொருத்திக் கொடுத்த, வருகை பதியும் கைரேகை மெஷினில் மலர் என்ற புது ஆளைச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"புது நெம்பர் எதுக்குங்க?" என்றார் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஸ்தனிஸ்லாஸ். "கண்ணாயி செத்து வருசமாச்சு. அவ நெம்பரையே மலருக்குப் போடுங்க. நூறு பேருக்கு மேல மெஷின் எடுக்காதுங்களே."

சசிரேகா தயங்கினாள். திரையில் தெரியும் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மென்பொருள் ஆளை அறிவது அதன் பின்னால் இருக்கும் நீண்ட எண்ணை வைத்துத்தான். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது.

"தப்புங்க சார். பழசெல்லாம் புது ஆள் மேல ஏறிக்கும்."

"சொன்னதச் செய்ங்க. இல்லீனா உங்க ஆபீசுக்குப் போன் போடறேன்."

பெயரை மட்டும் மாற்றினாள். மலர் வந்து பெருவிரலை வைத்தாள்.

"வணக்கம், கண்ணாயி," என்றது மெஷின்.

மலர் விரலை எடுக்கவில்லை.

அறைக்குள் பச்சை மிளகின் நெடி ஏறியது.

"மழையில மரம் ஏற மாட்டேன்னு சொன்னனுங்களே, ரைட்டரே."

அசைந்தது மலரின் வாய்தான். அது மலரின் குரல் இல்லை.

ஸ்தனிஸ்லாஸுக்கு நாக்கு குழறியது. "மொளகு பறிக்க ஏறி உழுந்தவளுங்க அவ... அழிங்க மேடம், அந்த நெம்பர அழிங்க!"

சசிரேகா அந்த எண்ணை அடியோடு நீக்கினாள்.

மலர் சரிந்து விழுந்தாள். சற்று நேரத்தில் கண் திறந்து, "எனக்கு என்னாச்சுங்கக்கா?" என்று அழுதாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு, எந்திரி."

ரைட்டர் மெஷினின் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். மலரை வீட்டில் விட்டுவிட்டு, கடைசி பஸ் பிடித்து சசிரேகா சேலம் திரும்பினாள்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரில் எஸ்டேட் பட்டியலைத் திறந்தாள். கண்ணாயி இல்லை.

ஸ்தனிஸ்லாஸ் இருந்தார். அவர் பெயருக்குப் பின்னால், நேற்று அழித்த எண்.

எஸ்டேட் ஆபீஸுக்குப் போன் அடித்தாள். யாரோ எடுத்தார்கள். மழை இரைச்சல் மட்டும் கேட்டது.

"ரைட்டர் இருக்காருங்களா?"

நேற்றுக் கேட்ட அதே குரல், நிதானமாகச் சொன்னது:

"மரத்து மேல இருக்காருங்க. நொம்ப மழைங்க."