புள்ளிக்குப் பின்னால்

ஆவணக் காப்பகத்துக்குள் இருந்தவர்கள்: காப்பாளர் கைலாசநாதன், தட்டச்சு பார்க்கும் லூர்தம்மாள், கணினி பார்க்கும் செல்வநாதன். மூன்று பேர். திரையில் வரிகள் நான்கு. நான்காவது வரியில் பெயர் இல்லை.

1988, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். காரைக்காலில் காலையிலிருந்தே மழை. புதுச்சேரியிலிருந்து வந்த, அட்டவணை மென்பொருள் இருந்த புது பிளாப்பியை மதியம்தான் செல்வநாதன் போட்டிருந்தான். போட்டதிலிருந்து அட்டவணையில் எண்ணெல்லாம் நட்சத்திரக் குறிகளாகிவிட்டன.

வேறு அட்டவணையாக இருந்தால் விட்டுவிடலாம். இரண்டு வருடம் முன்பு, அடுக்குகளுக்கு நடுவே தூங்கிப்போன பியூன் ஒருவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். பொங்கல் விடுமுறை. நான்காம் நாள் கதவைத் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. அதிலிருந்து ஒரு வழக்கம். கணினி அட்டவணையில் உள்ளே இருப்பவர் பெயருக்கு நேரே ஒன்று, கிளம்பினால் பூஜ்யம். கூட்டுத்தொகை பூஜ்யமானால்தான் வாசல் காவல் சந்தனசாமி பூட்டைத் தொடுவார். ஆளைத் தேட மாட்டார். திரையைத்தான் பார்ப்பார்.

செல்வநாதன் கட்டங்களை அகலப்படுத்தினான். நட்சத்திரங்கள் விலகி எண்கள் வந்தன. மற்ற இருவருக்கும் ஒன்று, புள்ளி, அதன் பின்னால் ஆறு பூஜ்யங்கள். அவன் பெயருக்கு நேரே 0.812640. பெயரில்லாத வரியில் 0.187360.

"சார், ஒரு தப்பு தெரியுது."

கைலாசநாதன் குடையை உதறியபடி எட்டிப் பார்த்தார். "ஆளுக்கு எதுக்குய்யா புள்ளி? நீ என்ன முக்கால் ஆளா வந்து உக்காந்திருக்க? எடுத்து விடு."

"பொண்டாட்டி புள்ளைய பாக்க பாக்கி கால் முன்னாடியே வீட்டுக்குப் போயிருக்கும் சார்," என்றாள் லூர்தம்மாள், பையை மாட்டிக்கொண்டே.

அவன் சிரித்தான். திருமலைராயன்பட்டினத்தில் ஜெயமேரி, நாற்பது நாள் குழந்தையோடு பூசைக்குப் புறப்படக் காத்திருப்பாள். ஏழு மணிப் பேருந்தை விட்டால் பிறகு இல்லை. புள்ளிக்குப் பின்னால் எதுவும் தெரியாதபடி மாற்றினான். பாதிக்கு மேல் இருந்தால் ஒன்று என்று காட்டும், குறைந்தால் பூஜ்யம். அவன் வரி ஒன்று ஆனது. பெயரில்லாத வரி பூஜ்யம் ஆனது. பார்க்க ஒழுங்காக இருந்தது. இருவரும் கிளம்பினார்கள், அவர்களுக்கும் பூஜ்யம் போட்டான்.

பெயரில்லாத வரியை அழித்துவிட்டுப் போகலாம் என்று விசையை அழுத்தினான். இறங்கவில்லை. மறுபடி அழுத்தியபோதுதான் இறங்கியது. வரி அழியவில்லை.

அப்போதுதான் வாடை வந்தது. ஊறிய தாளின் வாடை, அதற்கு அடியில் நாள்பட அடைத்துக் கிடந்த அறையின் வாடை, மழைக்குத் திறந்த சன்னல் எதிலிருந்தும் வராமல் பின்னால் இருந்த அடுக்குகளிலிருந்து மெதுவாக நகர்ந்து வந்தது. யாரோ தாள் புரட்டினார்கள். நிறுத்தினார்கள். ஈரச் செருப்பு ஒன்று தரையில் ஒட்டி, பிரிந்தது.

எழுந்தான். எப்போதும் முனகும் நாற்காலி முனகவில்லை. மேசையில் ஊன்றிய கைக்கு மேசையின் குளிர் எட்டவில்லை. கால்கள் தாமதமாக வந்தன.

திரையில் அவன் வரி ஒன்றாகவே இருந்தது. உள்ளே அது எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது. காட்டாதபடி செய்தவன் அவன்தான்.

புள்ளியை மறுபடி காட்ட விசையை அழுத்தினான். அழுத்தினான். விரல் பட்ட மாதிரியே இல்லை.

அவன் பெயருக்கு நேரே ஒன்று, பூஜ்யம் ஆனது.

கீழே பெயரில்லாத வரி, ஒன்று.

சந்தனசாமி சாவிக்கொத்தோடு வந்து நின்றார். அவன் முகத்துக்கு நேரே குனிந்து திரையைப் பார்த்தார். "இன்னும் ஒண்ணு நிக்குதே."

"அண்ணே, நான்தான். இங்க இருக்கேன்."

அவர் காதைச் சொறிந்துகொண்டு அடுக்குகள் பக்கம் திரும்பினார். "சார், பஸ்சு போயிடப் போவுது."

"வந்துட்டேண்ணே."

அவன் குரல். அவன் சட்டை. அவன் குடை. அடுக்குகளுக்கு நடுவிலிருந்து நடந்து வந்தது. முகமும் அவனுடையதுதான்; நான்கு நாள் பூட்டிக் கிடந்த மாதிரி உதடு மட்டும் வெடித்திருந்தது. அவன் மேல் சாய்ந்து, அவனுக்கு ஊடாகக் கையை நீட்டி, கல்யாண மோதிரம் போட்ட விரலால் ஒரு விசையைத் தட்டியது.

கூட்டுத்தொகை பூஜ்யம்.

"கொழந்தைக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?" என்றார் சந்தனசாமி, விளக்கை அணைத்தபடி.

"வீட்டுக்குப் போய்தான் கேக்கணும்."

சந்தனசாமி சிரித்தார். செல்வநாதன் ஓடினான். வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. வாசலில் அது குடையை விரித்தது. பேருந்தின் விளக்கு மழைக்குள் திரும்பியது. அது படி இறங்கியது.

அதன் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாவி இரண்டு முறை திரும்பியது.