குளிர்பெட்டி சூடான காலை

காலை 11.25.

மருத்துவமனை மருந்தறையில் குளிர்பெட்டியைத் திறந்த மருந்தாளுநர், உள்ளே கைவைத்ததுமே முகம் மாறினார். ஜில்லென்றே இல்லை. ஐந்து டிகிரியில் இருக்க வேண்டிய ஆறு குப்பிகள் பதினான்கில் கிடந்தன. எட்டைத் தாண்டினாலே அந்த மருந்து குப்பைக்குத்தான்.

இரண்டாவது மாடியில் ஒரு தையற்காரம்மா படுத்திருந்தார். லேசில் ரத்தம் உறையாத உடம்பு. அன்று மதியம் அவருக்கு ஆபரேஷன், இந்தக் குப்பிகளை நம்பித்தான். அடுத்த ஆறு வர ஒன்பது நாள் ஆகும்.

பெட்டியை பைக்கில் கொண்டுவந்த மருந்துக்காரக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். “ரசீதுல கையெழுத்து ஆகாம பெட்டியை வண்டியிலேர்ந்து இறக்கக்கூடாதுன்னு ரூல் சார். இங்க கம்ப்யூட்டர் வேலை செய்யல, ஒரு மணி நேரம் வரிசையில நின்னேன். திரும்பி வந்து பாத்தா, பெட்டியோட பிளக் கீழ தொங்குது. அதைச் சொருகியிருந்த பைக் சாக்கெட்ல யாரோ போனைச் சொருகி வெச்சிருக்காங்க.”

மதியம் 12.15.

மருந்து ஆய்வாளர் வந்தார். ஒல்லியான பெண்மணி, காதோரம் நரை. வந்தவுடன் மூன்று பேரைக் கூப்பிடச் சொன்னார்: மருந்துக்காரக்கா, வாட்ச்மேன், பைக்கில் அந்த சாக்கெட்டைப் பொருத்திய ஒயரிங்காரன்.

ஒயரிங்காரனின் கடை இரண்டு தெரு தள்ளி. பைக்குக்குப் பனிவிளக்கு, ஹாரன், சார்ஜர் என்று எதைப் பொருத்த வேண்டுமானாலும் ஊரே அவனிடம்தான் வரும். சந்தனக் கீற்று கலையாமல், கையில் டெஸ்டரோடு வந்து நின்றான். ஆய்வாளர் கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னான்.

“எப்ப போட்டீங்க?”

“மூணு மாசம் இருக்கும் மேடம்.”

“லைன் எங்கேர்ந்து எடுத்தீங்க?”

“பேட்டரியிலேர்ந்து நேரா. நடுவுல பியூஸ் இருக்கு. வண்டி நின்னாலும் பெட்டி ஓடணும்னு அக்கா கேட்டாங்க, அப்படியே போட்டுக் கொடுத்தேன்.”

“எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

போட்டான். யோசிக்கவே இல்லை. மூன்று மாதத்தில் நாற்பது வண்டியாவது அவன் கைக்கு வந்து போயிருக்கும். ஒவ்வொன்றையும் யார் நினைவில் வைத்திருப்பது?

12.50.

வாட்ச்மேன் உள்ளே வந்தார். ஐம்பதை நெருங்கியவர். தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டே நின்றார்.

“பிளக்கைப் பிடுங்கினது யாரு?”

“நான்தான் மேடம்.”

“எத்தனை மணிக்கு?”

“பத்தே முக்கால். டீ வந்த நேரம்.”

“எதுக்கு?”

“பொண்ணு பரீட்சை முடிஞ்சதும் கூப்பிடுறேன்னா. போன்ல ஒன்பது பர்சன்ட்தான் இருந்துச்சு. அக்காவோட சார்ஜர் வண்டிப் பையில தெரிஞ்சுது. அஞ்சு நிமிஷம் சொருகிட்டு எடுத்துடலாம்னு... அப்புறம் ஆம்புலன்ஸ் வந்துச்சு, கேட்டைத் திறக்க ஓடினேன், மறந்தே போச்சு.”

பெட்டிக்குள் விரல் நீளத்தில் ஒரு பதிவுக் கருவி உண்டு. தன் சொந்த பேட்டரியில் ஓடும்; ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தைக் குறித்துவைக்கும். அதன் தாளை மருந்தாளுநர் மேசையில் விரித்தார். “பாருங்க மேடம். 10.50க்கு எட்டைத் தாண்டியிருக்கு. இவர் பிடுங்கினது 10.45. இதுக்கு மேல என்ன வேணும்?”

ஒயரிங்காரனுக்கு ரத்தம் கொதித்தது. தன் வேலை மேல் விழப்பார்த்த பழியல்லவா? “ஏண்ணே, உங்களுக்குக் கண்ணு இல்லையா? பெட்டி மேல மருந்துன்னு எழுதியிருக்கே! ஒரு உசுரு விஷயத்துல உங்க போன்தான் பெருசாப் போச்சா? உங்களையெல்லாம் காவலுக்கு வெச்சாங்க பாருங்க!”

வாட்ச்மேன் தலையைக் குனிந்தார். “தப்புதான் தம்பி. அப்படியும் அதுல சார்ஜ்கூட ஏறல. எடுக்கும்போது ஆறு பர்சன்ட்தான் இருந்துச்சு.”

“அது வேற குறையா உங்களுக்கு?” என்றார் மருந்தாளுநர். யாரோ சிரித்தார்கள். ஒயரிங்காரனும் சிரிக்கத்தான் வாயெடுத்தான். சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

சார்ஜ் ஏறவில்லை.

ஆய்வாளர் மருந்துக்காரக்கா பக்கம் திரும்பினார். “அந்த சார்ஜர் கெட்டுப்போனதா?”

“இல்ல மேடம். காலையில வர்ற வழியெல்லாம் என் போன் அதுலதான் ஏறுச்சு.”

“வண்டி சாவி?”

“என் பையில.”

ஆய்வாளர் தாளை இன்னொரு முறை பார்த்தார்.

ஒயரிங்காரனுக்கு அந்த நாள் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. மழை. வாசலில் மூன்று வண்டி காத்திருந்தது. அக்காவின் வண்டியில் பேட்டரி மூடியின் திருகாணி துருப்பிடித்து அசையவே இல்லை. சீட்டுக்கடியில், கூடுதல் கருவிகளுக்கென்று கம்பெனியே விட்டிருந்த இணைப்பு ஒன்று கைக்கு எட்டியது. அதில் சாவியைப் போட்டால்தான் கரண்ட் வரும். தெரிந்துதான் அதில் மாட்டினான். எந்த வண்டி ஒரு மணி நேரம் மருந்தோடு நிற்கப்போகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். “நேரா போட்டாச்சுக்கா” என்று முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. வாய் வரவில்லை. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வந்து, வாட்ச்மேனை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொன்னார். அந்த மனிதர் சட்டையிலிருந்து விசிலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அதையும் அவன் பார்த்துக்கொண்டுதான் நின்றான். காது மடல் எரிந்தது. தரையில் கிடந்த ஒரு பஞ்சுத் துண்டையே வெறித்தான்.

1.30. வண்டிகள் நிறுத்தும் கொட்டகை.

“பேட்டரி மூடியைக் கழட்டுங்க” என்றார் ஆய்வாளர். “பியூஸைப் பாக்கணும்.”

அவன் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பினான். வழுக்கியது. இன்னும் அழுத்தித் திருப்பினான். திருகாணி இம்மியும் அசையவில்லை.

“துருவைப் பாருங்க, தலையோட சேந்தே போயிருக்கு. வருஷக்கணக்கா இதை யாரும் திறக்கல. நீங்க மூணு மாசம் முன்னாடி எப்படித் திறந்தீங்க?”

அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

ஆய்வாளர் அவன் கையிலிருந்த டெஸ்டரை வாங்கி சாக்கெட்டில் வைத்தார். விளக்கு எரியவில்லை. “சாவியைப் போடுங்கம்மா.” மருந்துக்காரக்கா சாவியைத் திருப்பினாள். எரிந்தது. திருப்பி அணைத்தாள். அணைந்தது.

கண்காணிப்பாளரிடமும் மருந்தாளுநரிடமும் தாளை நீட்டினார் ஆய்வாளர். “எட்டைத் தாண்டின நேரத்தை எல்லாரும் பாத்தீங்க. ஏற ஆரம்பிச்ச நேரத்தை யாரும் பாக்கல. 10.20. அக்கா வண்டியை நிறுத்தினது 10.15. வாட்ச்மேன் பிடுங்கினப்ப அந்தப் பெட்டி அரை மணி நேரமா செத்துக் கிடந்துது. அதனாலதான் அவர் போன்லயும் சார்ஜ் ஏறல; அவர் வாயாலயே சொன்னார், நாம சிரிச்சோம். அவர் பிடுங்கியிருக்காட்டியும் மருந்து கெட்டிருக்கும். பழைய தாள்லயும் அக்கா வண்டியை நிறுத்தின இடத்துலெல்லாம் ஒரு சின்ன ஏத்தம் இருக்கு. அப்பல்லாம் பத்து நிமிஷத்துல கிளம்பிட்டாங்க, தப்பிச்சுது.” அவர் அவனைப் பார்த்தார். “மருந்தைக் கெடுத்தது நீங்க. அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. சார்ஜ் ஏறலன்னு அவர் சொன்னதும் உங்க முகத்தைப் பாத்தேன். அப்பவே உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் மேடம்” என்றான். குரல் அவனுடையதுபோலவே இல்லை.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். மருந்துக்காரக்கா திட்டவில்லை. “கழட்ட வரலன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, வேற எங்கயாவது காட்டியிருப்பேனே தம்பி” என்று மட்டும் சொன்னாள்.

2.10.

கண்காணிப்பாளர் ஆளனுப்பி வாட்ச்மேனைத் திரும்ப வரவழைத்தார். கேட்டருகே ஒயரிங்காரன் அவர் முன்னால் போய் நின்றான். கையைக் கூப்பலாமா, காலைத் தொடலாமா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் நின்றான்.

“அண்ணே, நீங்க பண்ணல. நான் பண்ணினது.”

“சொன்னாங்க தம்பி.” அவர் கோபப்படவில்லை, களைத்துப் போயிருந்தார். “நானும் நான்தான் பண்ணினேன்னு நம்பிட்டேன். வெளிய போகும்போது மாடிக்குப் போய் அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் போனேன். அழுதாங்க. அதுதான் மனசுலேர்ந்து போகவே மாட்டேங்குது.”

அதற்குமேல் அவனால் அங்கே நிற்க முடியவில்லை. படியேறினான். இரண்டு மாடிதான். பாதியில் ஒருமுறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே இறங்கிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, அதற்கும் வெட்கப்பட்டான்.

தையற்காரம்மா ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார். அவன் கட்டிலோரம் நின்று எல்லாவற்றையும் சொன்னான்: திருகாணி, மழை, அக்காவிடம் சொன்ன பொய், வாட்ச்மேனைத் திட்டியது, வாயைத் திறக்காமல் நின்றது. ஒன்றையும் விடவில்லை.

அந்தம்மா அவன் பக்கம் திரும்பினார். கண் இன்னும் சிவந்திருந்தது.

“முதல்ல ரசீது போடுற பொண்ணு வந்து, கம்ப்யூட்டர் வேலை செய்யாததாலதான் இப்படி ஆச்சுன்னு வருத்தப்பட்டுச்சு. அப்புறம் அந்தக் காவக்காரர். இப்ப நீ. இன்னும் எத்தனை பேருப்பா வருவீங்க?”

“எனக்கப்புறம் யாரும் வர மாட்டாங்கம்மா” என்றான் அவன்.