பெரியவர் துணையுடன்

“குழந்தைங்க கீழ விழறதப் பாத்தா உனக்குச் சிரிப்பு வருமா, பதட்டம் வருமா?”

வேலைக்குச் சேர்ந்த அன்று மேற்பார்வையாளர் என்னிடம் கேட்ட கேள்வி இது. வழக்கம்போல நான் வாயைத் திறக்கவில்லை. “ரெண்டும் வராதா? ரொம்ப நல்லது. அப்படி ஒரு ஆள்தான் இங்க வேணும்” என்று அவரே பதிலையும் சொல்லிக்கொண்டார்.

அலுவலகம் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது. திரையில் வெளிச்சம் விழக் கூடாது என்று எல்லா ஜன்னல்களிலும் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். உச்சி வெயிலிலிருந்து படியேறி உள்ளே போனால் கொஞ்ச நேரம் கண் தெரியாது. ஈரச் சுண்ணாம்பு வாசனைதான் முதலில் வரும். அப்புறம் ஏசியின் தண்ணீர் வாளியில் சொட்டும் சத்தம். அதற்கும் பிறகுதான் ஆட்கள் தெரிவார்கள். நீல வெளிச்சம் பூசிய முகங்கள், இமைக்காமல்.

பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்ததே பெரிது என்று அக்கா சொன்னாள். உண்மையிலேயே பார்ப்பதுதான் வேலை. குழந்தைகளுக்கென்றே இருக்கும் ஒரு ஆப்பில் போடுவதற்காகச் சவால் வீடியோக்கள் வந்து குவியும். எலுமிச்சையைக் கடித்து முகம் சுளிக்காமல் இருப்பது, தலையில் டம்ளரை வைத்து நடப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு படம் வரைவது. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு மூன்றில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். குழந்தைகளுக்கு ஏற்றது. பெரியவர் துணையுடன் ஏற்றது. ஏற்றதல்ல.

எல்லோரும் சத்தத்தை அணைத்துவிட்டு, இரட்டை வேகத்தில் ஓட விட்டுத்தான் பார்ப்பார்கள். நாள் முழுக்க அந்தக் கூச்சலைக் கேட்டால் மண்டை வெடித்துவிடும். நியாயம்தான். நான் மட்டும் ஹெட்போனைக் கழற்றுவதில்லை. எனக்குப் பேச வராதே தவிர, கேட்க நன்றாக வரும்.

அப்படித்தான் ‘திரும்பாதே’ சவாலைக் கேட்டேன்.

விளையாட்டு சாதாரணமானது. ஒரு குழந்தை சுவரைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார வேண்டும். பின்னாலிருந்து யாராவது கூப்பிடுவார்கள். திரும்பினால் தோல்வி. யார் கூப்பிட்டும் திரும்பாவிட்டால் வெற்றி. முதலில் வந்தவற்றில் அண்ணன், தம்பிகள் கூப்பிட்டார்கள். உட்கார்ந்த குழந்தைகள் கெக்கலி கொட்டித் திரும்பினார்கள். நான்கூடச் சிரித்தேன்.

பிறகு மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமி வந்தாள்.

அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. கேமராவுக்கு மிக அருகில் ஒரு அம்மாவின் குரல். “செல்லம்... இங்க பாரு... அம்மா கூப்பிடறேன்ல?” அலுத்துப்போன, அன்பான குரல். சிறுமி திரும்பவில்லை.

பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். கை நிறைய மடித்த துணி. “இன்னுமாடி அம்மா சொல்றதக் கேக்காம விளையாடிட்டிருக்க?” என்றாள்.

அதே குரல்.

அவள் வாயை மூடிக்கொண்டு அலமாரியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

கேமராவுக்கு அருகில் இருந்த குரல் நிற்கவில்லை. “செல்லம்... இங்க பாரு...”

நான் ‘ஏற்றதல்ல’ என்பதை அழுத்தினேன். காரணம் கேட்டது. நெருப்பு, உயரம், தண்ணீர், கூர்மையான பொருள் என்று வரிசையாக இருந்தன. என்னுடைய காரணம் அதில் இல்லை. ‘மற்றவை’ என்று கடைசியில் ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் மேற்பார்வையாளரே எழுந்து வருவார். வந்தார்.

“ஸ்டூல்ல ஒரு குழந்தை உக்காந்திருக்கு. இதுல என்ன ஆபத்தக் கண்ட? என் பையன் இப்படி அசையாம உக்காந்தா அவன் கால்லயே விழுவேன் நான்.”

“சத்தம் வெச்சுக் கேளுங்க சார்.”

“என்ன? வாயத் திறந்து பேசு.”

“சத்தம் வெச்சு...”

ஹெட்போனை வாங்கிக் கேட்டார். “அம்மா கூப்பிடறாங்க. அதுக்கென்ன?”

“அம்மா அலமாரிகிட்ட நிக்கறாங்க சார். வாய் மூடியிருக்கு.”

“முன்னாடியே குரலப் பதிவு பண்ணி ஓட விட்டிருப்பாங்க. இதெல்லாம் ஒரு விஷயமா?”

எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. நம்பும்படியான பதில். அதுதான் எனக்கு எரிச்சல்.

பக்கத்து நாற்காலியில் இருப்பவள் எந்நேரமும் பபுள்கம் ஊதுவாள். அவள் பெயரே பபுள்கம் ஆகிவிட்டது. “ஏண்டி பேசாமடந்தை, நீ வாயத் திறக்கறதே அபூர்வம். திறந்தா பேய்க் கதையா?” என்று ஒரு குமிழைப் பட்டென்று உடைத்தாள். அவளும் அந்த வீடியோவைப் பார்த்திருந்தாள். ஏற்றது என்று போட்டிருந்தாள்.

சில வாரங்கள் கழித்து மஞ்சள் கவுன் சிறுமியை மறுபடி பார்த்தேன். இந்த முறை எலுமிச்சைச் சவால். அவள் அண்ணன் மேஜையில் உட்கார்ந்து கடித்துக்கொண்டிருந்தான்; முகம் எட்டுக் கோணலாகப் போனது. அவனுக்குப் பின்னால், சோபாவில், அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அம்மா கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். குரல் உடைந்து அழுகையானது. பையன் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டை எடுத்தான். அம்மா அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

உடம்பு திரும்பியது.

கண்கள் திறந்திருந்தன. அவற்றில் யாரும் இல்லை.

“காது கேக்காத குழந்தையா இருக்கும்” என்றார் மறுபடி எழுந்து வந்த மேற்பார்வையாளர். “நீ எலுமிச்சையப் பாரு. அதான் சவால். ஏற்றது.” போகும்போது, எல்லோரும் ஒன்றைப் போடும் இடத்தில் நான் மட்டும் வேறொன்றைப் போட்டுக்கொண்டிருந்தால் சீக்கிரம் வேறு வேலை தேட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். சுவரோடு பேசியிருந்தாலாவது எதிரொலி வந்திருக்கும்.

வீட்டில் நானும் அக்காவும் அவள் மகளும்தான். அக்கா மருந்துக்கடையில் நின்றுவிட்டு வந்து மறுபடி அடுப்படியில் நிற்பவள். மகளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். பல் விழுந்த வாயால் ஓயாமல் பேசுவாள். குளிக்கும்போது பேசுவாள், தூக்கத்தில் பேசுவாள். நான் வாழ்நாள் முழுக்கப் பேசாமல் சேர்த்து வைத்ததை எல்லாம் அவள் செலவழிக்கிறாள் என்று அக்கா கேலி செய்வாள். வாலு எதிரில் மட்டும்தான் நானும் கொஞ்சம் பேசுவேன்.

அன்று அவள் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தாள். “சித்தி, திரும்பாதே விளையாடலாமா? நீ கூப்பிடு, நான் திரும்பவே மாட்டேன். பெட்டு.”

அவள் கையிலிருந்த டேப்லெட்டைப் பிடுங்கினேன். வாலு ஊரைக் கூட்டி அழுதாள்.

“எதுக்குடி புடுங்கற?” என்று கரண்டியோடு வந்தாள் அக்கா. “அதுல வர்றதெல்லாம் நீங்க பாத்து, ஏற்றதுன்னு போட்டதுதானே? அதுக்குத்தானே உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?”

நான் சொல்ல முயன்றேன். மஞ்சள் கவுன், அலமாரி, மூடிய வாய். எல்லாம் தலையும் வாலும் இல்லாமல் வெளியே வந்தது. “நாள் பூரா அதையே பாத்து உனக்கு மூளை கலங்கிடுச்சு. லீவு போடு” என்றாள் அக்கா.

மறுநாள் அலுவலகத்தில் நான் எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “அந்தத் ‘திரும்பாதே’ சவால எடுங்க சார். எங்க வீட்டுக் குழந்தை பாக்குது. எடுத்தாத்தான் நான் உக்காருவேன்.”

என் குரல் அந்த அறையில் கேட்டது எல்லோருக்குமே அதிசயம். பபுள்கம் மெல்லுவதை நிறுத்தினாள். மேற்பார்வையாளர் பெருமூச்சு விட்டார். அழுகிற குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பவர்போல என் திரைக்கு முன் குனிந்தார்.

“சரிம்மா. உனக்காக மாத்தறேன்.” அழுத்தினார். பெரியவர் துணையுடன் ஏற்றது. “இப்ப திருப்தியா?”

“பெரியவங்கதான் சார் ஏற்கனவே பின்னாடி நிக்கறாங்களே! அதுதானே பிரச்சினையே!”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். நான் பையை எடுத்துக்கொண்டு நடுவேலையில் இறங்கி வந்துவிட்டேன். தெருவெல்லாம் பளீரென்று வெயில். வழியெல்லாம் சொல்லாமல் விட்ட வாக்கியங்களைச் சொல்லிக் காற்றோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன்.

எங்கள் வீடு மாடியில். படியில் பாதி ஏறும்போதே உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

“வாலு... வாலுக்குட்டி... இங்க பாரேன்...”

தெளிவான, தயக்கமில்லாத குரல். பக்கத்து வீட்டுக்காரி என்று நினைத்தேன். எங்கோ கேட்டதுபோலவும் இருந்தது, யார் என்று பிடிபடவில்லை. அன்று அரை நாள் விடுப்பில் இருந்த அக்கா, பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“நீ எப்ப வெளிய போன?”

“இப்பத்தான்க்கா வர்றேன்.”

“விளையாடாத. அப்பவே வந்து உள்ளேருந்து குரல் குடுத்தியே. பெரியவங்க துணையோட பாக்கணும்னு அதுல போட்டிருந்துது. நீதான் கூட இருக்கியேன்னு டேப்லெட்டக் குடுத்தேன்.” அவள் குரல் இறங்கி முணுமுணுப்பானது. “இவ்வளவு நேரம் நீதானடி அவளக் கூப்பிட்டுட்டிருந்த?”

அது யார் குரல் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் குரலை நான் வெளியிலிருந்து கேட்டதே இல்லை.

அறையில் ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது.

ஸ்டூலில் வாலு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எப்போதும் ஆடும் கால்கள் ஆடவில்லை. டேப்லெட் கட்டிலில் அணைந்து கிடந்தது. கூப்பிட்ட குரல், நாங்கள் வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டது.

“வாலு” என்றேன்.

திரும்பவில்லை.

“பாப்பா, போதும்மா. நீ ஜெயிச்சுட்ட. வா” என்றாள் அக்கா.

திரும்பவில்லை.

சுவருக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் நுழைந்து அவள் முன்னால் மண்டியிட்டேன். கன்னம் சூடாகத்தான் இருந்தது. மூச்சு வந்துகொண்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன. நான் அவற்றில் வெகுநேரம் தேடினேன்.

அக்கா அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். “பேசுடி. ஏதாவது பேசுடி. பேசாதேன்னு இனிமே சொல்லவே மாட்டேன்டி.”

அப்போது படியில் சத்தம் கேட்டது.

நிதானமாக இறங்கும் பெரியவர் ஒருவரின் செருப்பு. அதன் பக்கத்தில், இரண்டு கால்களையும் சேர்த்து ஒவ்வொரு படியாகக் குதிக்கும் சின்னச் சத்தம். அப்படி இறங்காதே, விழுந்து வைப்பாய் என்று அக்கா தினமும் திட்டும் அதே குதி.

அக்கா மடியிலிருந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள்.

நான் வாசலுக்கு ஓடினேன். வெயில் விழுந்த படிகளில் யாரும் இல்லை. சத்தம் மட்டும் திருப்பத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. உயிரைக் கொடுத்துக் கத்தினேன்.

“வாலு!”

குதிக்கும் சத்தம் ஒரு கணம் நின்றது.

சித்தியின் குரலுக்குத் திரும்பினால் தோற்றுப்போவாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாலு எந்த விளையாட்டிலும் தோற்க மாட்டாள்.

கீழே கேட் திறந்து மூடியது. நொடிக்கு நூறு வார்த்தை பேசுகிறவள், ஒரு வார்த்தையும் பேசாமல் போனாள்.