ஆறு லூசிகள்

சனிக்கிழமை காலை பத்து மணி. அங்கன்வாடியில் இருந்தவர்கள் இவர்கள்: சன்னலோரம் செம்மொழி. அவளுக்குப் பக்கத்தில், அரிசி டிரம்மில் சாய்ந்தபடி ஆன்டோ. டி.வி.யில் மூக்கு முட்டும் தூரத்தில் விஸ்வா. பாயில் இன்னும் நான்கு வாண்டுகள். இருந்த ஒரே நாற்காலியில், பார்வையிட வந்த ஹம்சத்வனி மேடம்.

அங்கன்வாடி டீச்சர் அமலி நின்றுகொண்டிருந்தார். அவர் மகள் ஆஷ்லின், ஆறாம் வகுப்பு, ரிமோட்டுடன் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இணையத்தில் தேடி, பிள்ளைகளுக்கு ஆங்கில வீடியோ போடுவது அவள் பொறுப்பு.

மேடம் ஆன்டோவைப் பார்த்தார். "வாட் இஸ் யுவர் நேம்?"

ஆன்டோ எழுந்தான். "மை நேம் இஸ் லூசி!"

விஸ்வாவும் லூசி என்றான். பாயில் இருந்த நால்வரும் லூசிதான். செம்மொழி மட்டும் வாய் திறக்கவில்லை.

"சரி, ஹௌ இஸ் த வெதர்?"

"இட் இஸ் ஸ்நோயிங்!" என்று ஆறு பேரும் கத்தினார்கள். வெளியே அறுவடை முடிந்த வயல் வெயிலில் காய்ந்து கிடந்தது.

மேடம் சிரித்துவிட்டார். பிறகு நோட்டைத் திறந்து எழுதினார்.

"நல்லா ஒப்பிக்குதுங்க அமலி. ஆனா பேசலையே? பக்கத்து ஊரு சென்டர்ல டி.வி. இல்லன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. ரெண்டு வாரம் பாப்போம். இப்படியே இருந்தா இந்த டி.வி.யை அங்க மாத்திட வேண்டியதுதான்."

மேடத்தின் ஸ்கூட்டர் வாய்க்கால் மதகைத் தாண்டியது.

"நம்ம ஊருல பனி பெய்யுதுன்னு எழுதிக்கிட்டுப் போறாங்கடி" என்றார் அம்மா.

ஆஷ்லின் அதே வீடியோவை மறுபடி போட்டாள். இந்த முறை அவள் டி.வி.யைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்த்தாள். வீடியோவில் வரும் லூசி என்ற பெண், "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்டாள். விஸ்வா வாயைத் திறந்தான். அதற்குள் லூசியே பதிலையும் சொல்லிவிட்டாள். விஸ்வா அதைத் திருப்பிச் சொன்னான்.

'அட, நடுவுல இவங்களுக்கு நேரமே இல்லையே!'

அடுத்த முறை, கேள்வி முடிந்ததும் ரிமோட்டை அமுக்கினாள். லூசி வாய் திறந்தபடி அப்படியே நின்றாள்.

"அக்கா, டி.வி. கெட்டுப்போச்சு!" என்றான் விஸ்வா.

"கெடலடா. நீ பேரு சொல்றதுக்காக லூசி காத்துக்கிட்டிருக்கா."

"என் பேரு அவளுக்குத் தெரியாதா?"

"நீ சொன்னாத்தானே தெரியும்?"

விஸ்வா யோசித்தான். "மை நேம் இஸ் விஸ்வா!"

ரிமோட் அமுங்கியது. "மை நேம் இஸ் லூசி. நைஸ் டு மீட் யூ!" என்று லூசி கை ஆட்டினாள்.

"காதுல விழுந்துடுச்சு!" விஸ்வா குதித்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கேள்விக்கும் லூசி நின்றாள். வெதர் கேள்வி வந்தால் எல்லோரும் வாசலுக்கு ஓடி, வானத்தைப் பார்த்துவிட்டு வந்து "சன்னி!" என்றார்கள். ஆஷ்லின் பள்ளிக்குப் போன நாள்களில் அம்மா ரிமோட்டைப் பிடித்தார். செம்மொழியின் முறை வரும்போது பத்து வரை எண்ணினார்கள்; பிறகு இருபது வரை. அவள் லூசியையே பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆஷ்லின் மேடத்துக்குக் கடிதம் எழுதினாள்.

"போன்ல சொல்லிடலாமேடி?"

"அவங்க நோட்டுல எழுதியிருக்காங்கம்மா. நாமளும் எழுத்துலதான் சொல்லணும்."

'ஆறு பேர் சொந்தப் பெயரைச் சொல்கிறார்கள். ஒருத்தி யோசித்துக்கொண்டிருக்கிறாள். நேரில் வந்து பார்க்கவும்' என்று எழுதி, உரக்கப் படித்தாள்.

"ஏழுன்னு போட்டுடேன்" என்றார் அம்மா.

"வந்து பாத்தா தெரிஞ்சிடும்ல?"

உறையை ஒட்டப் பசை இல்லை. செம்மொழி தன் தட்டிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து நீட்டினாள்.

"அக்கா, அந்த ஒருத்தி யாரு?"

"நீதான்."

"என் பேரு போடலையா?"

"நீ இன்னும் சொல்லலையே."

செம்மொழி டி.வி.யைத் திரும்பிப் பார்த்தாள். அது அணைந்திருந்தது. ஆஷ்லினையே பார்த்துச் சொன்னாள்: "மை நேம் இஸ் செம்மொழி."

ஆஷ்லின் 'ஆறு' என்பதை அடித்து 'ஏழு' என்று எழுதினாள். 'ஒருத்தி யோசித்துக்கொண்டிருக்கிறாள்' என்ற வரியையும் அடித்தாள். பருக்கையை நசுக்கி உறையை ஒட்டினாள்.

கடைத்தெரு தபால்பெட்டி உயரமாக இருந்தது. ஆஷ்லின் தூக்கிப் பிடிக்க, செம்மொழி கடிதத்தை உள்ளே போட்டாள். பிறகு பெட்டியின் வாயருகே முகத்தை வைத்துக் கேட்டாள்: "வாட் இஸ் யுவர் நேம்?"

பதில் வரவில்லை. செம்மொழி அவசரப்படவில்லை. பெட்டியில் காதை வைத்துக்கொண்டு, "ஒன், டூ, த்ரீ..." என்று எண்ண ஆரம்பித்தாள்.