பாய்க்கு இரண்டு பேர்

போகி அன்று காலை பதினோரு மணிக்கு, தலைக்குக் குளித்து ஈரத் துண்டோடு அறைக்குள் வந்த சுகப்பிரியா, தன் போர்வை மடித்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தாள். நான்காக மடித்து, ஓரங்களை இழுத்துவிட்டு, பாயின் தலைமாட்டில் வைத்திருந்தது. அதன் நடுவில் ஒரு கொண்டை ஊசி. குளிக்கப் போகும்போது போர்வையை உதறித் தள்ளிவிட்டு அப்படியே எழுந்து போனதாகத்தான் அவளுக்கு ஞாபகம். மற்ற பெண்கள் எல்லோரும் முந்தின நாள் இரவே ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்கள். மாடிப்படிக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

‘கை பழகிப்போச்சு. நானே மடிச்சிருப்பேன்’ என்று சொல்லிக்கொண்டாள்.

கை பழகத்தான் செய்யும். ஒரகடம் பக்கம் மண்ணூரில், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் எட்டுப் பெண்களுக்கு அந்த மாடி வீட்டில் நாலு பாய். ஒரு பாய்க்கு இரண்டு பேர். ஒருத்தி ஏ ஷிப்ட் என்றால் இன்னொருத்தி சி ஷிப்ட். ஒருத்தி வேலையில் நிற்கும்போது மற்றவள் அந்தப் பாயில் தூங்குவாள். வாரம் மாறினால் ஷிப்டும் மாறும். பகலில் தூங்குகிறவர்களுக்காகக் கம்பெனி அட்டைப் பெட்டிகளைப் பிரித்து ஜன்னல் முழுக்க ஒட்டிவைத்திருந்தார்கள். நடுப்பகலிலும் அந்த அறையில் கையை நீட்டினால் கை தெரியாது. நான்காக மடித்த போர்வையும் மேலே ஒரு கொண்டை ஊசியும் இருந்தால், ‘நான் எழுந்து போய்விட்டேன், இனி உன் முறை’ என்று அர்த்தம்.

சுகப்பிரியாவின் பாய்க்காரி பேச்சி. சங்கரன்கோவில் பக்கம். ஆவணியில் வந்து சேர்ந்த முதல் நாள் இருவரும் பார்த்துச் சிரித்து நம்பர் வாங்கிக்கொண்டதோடு சரி. அதற்குப் பிறகு நேரில் பார்த்ததே இல்லை. பேச்சி என்றால் மடித்த போர்வை, ஒரு கொண்டை ஊசி, தலையணையில், லைனில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும்போது வருகிற சால்டர் புகையின் லேசான வாசனை. அப்புறம், பாயில் கதகதவென்று ஒரு சூடு. ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டுக் காலை ஏழரை மணிக்கு வந்து விழுகிற உடம்புக்கு அந்தச் சூடு எவ்வளவு இதமாக இருக்கும் என்பது விழுந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஐந்து மணிக்கே கம்பெனி பஸ் ஏறிவிட்டவளின் சூடு ஏழரை வரை எப்படி இருக்கும் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. தூக்கம் யோசிக்க விடாது.

பொங்கலுக்கு நாலு நாள் லீவு. ஊருக்குப் போகாமல் இவள் மட்டும் ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்றால், காணும் பொங்கல் அன்று அங்கே பெண் பார்க்கும் படலம் ஏற்பாடாகியிருந்தது. மாப்பிள்ளை தாய்மாமன் மகன் மாரிமுத்து. ‘பெண் பார்ப்பது’ என்று பேருக்குச் சொன்னாலும் தட்டை மாற்றாமல் விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ‘ஓ.டி. இருக்கு, லீவு இல்லை’ என்று துணிந்து ஒரு பொய் சொன்னாள். அண்ணன் இசக்கியப்பன் அதை நம்பினானா இல்லையா, அது வேறு விஷயம். அவளை வேலைக்கு அனுப்பும்போதே அவன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தான்.

“என்னைக்கு பயமா இருக்குன்னு சொல்லுதியோ, அன்னைக்கே மூட்டையைக் கட்டிரணும். நானே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்.”

ஆகையால் சுகப்பிரியாவுக்குப் பயம் கிடையாது. பயந்தால் சம்பளம், தோழிகள், தனக்கென்று ஒரு சாவி எல்லாம் போச்சு. அஞ்சு மாசமாக அவள் பயப்படாமல் இருந்தது தைரியத்தால் மட்டும் இல்லை, வேறு வழி இல்லாததாலும்தான்.

நாலு நாளை ஓட்டுவதற்கு ஒரு பென் டிரைவ் இருந்தது. கொடுத்தவள் லைன் லீடர் பாஞ்சாலி. சேரப்பணஞ்சேரிக்காரி. மணிக்கட்டில் நீலப் பட்டை கட்டாமல் போர்டைத் தொட்டால் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள். உடம்பு மின்சாரம் பட்டு சில்லு கெட்டுவிடக் கூடாது என்று எல்லோரும் கட்டிக்கொள்ளும் பட்டை அது. அதிலிருந்து ஒரு சுருள் வயர் மேஜைக்குப் போகும். லைனைவிட்டு எழும்போது கழற்றி வைத்துவிட வேண்டும். கேட்டைத் தாண்டி யாரும் அதைக் கொண்டுவர முடியாது. அப்பேர்ப்பட்ட பாஞ்சாலி கம்பெனி பஸ்ஸில் வைத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“இன்னா பிரியா, ‘ஓர் இலை அதிகம்’ நீ பாத்ததே இல்லியா? வியாயக்கெயமை ஆனா எங்க தெருவே ஒரு வூட்ல குந்திகினு பாக்கும். பாத்துட்டு ஒண்ணுக்குப் போவக்கூட ஆள் தொணை கேப்போம். தபாரு, தனியா மட்டும் பாக்காத.”

“எனக்கென்னக்கா பயம்?” என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

பதினைந்து வருஷத்துக்கு முந்தைய சீரியல். யாரோ வீடியோ கேசட்டில் பதிந்து வைத்திருந்தது. நடுநடுவே சோப்பு விளம்பரங்களும் படத்தில் கோடுகளும் ஓடின. பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப்புக்கு பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது, கரண்ட் இருந்தால்தான் உயிர் வரும். கரண்ட்டோ இரண்டு மணி நேரம் இருக்கும், இரண்டு மணி நேரம் போகும். அப்படி விட்டு விட்டுத்தான் முந்தின ராத்திரியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. ஒரு பழைய வீடு, பத்துப் பேர் குடும்பம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பத்து இலை போடுவார்கள். உட்கார்ந்த பிறகு எண்ணினால் பதினொன்று இருக்கும். எல்லா இலைக்கும் ஆள் இருக்கும். எல்லா முகமும் தெரிந்த முகம். யார் அதிகம் என்றுதான் யாராலும் சொல்ல முடியாது. பயந்துபோய் ஒவ்வொருவராக வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். ஆனால் மறுநாள் எண்ணினால் இலை குறைவதில்லை. போனவர்கள் இடத்தில் உட்கார்ந்து எதுவோ நிதானமாகப் பிசைந்து சாப்பிடுகிறது.

“கூறுகெட்டவனுங்களா! உங்க வீட்டை விட்டு நீங்க ஏன்டா போறீங்க?” என்று சுகப்பிரியா லேப்டாப்பைப் பார்த்துத் திட்டினாள். அவளுக்கு உண்மையிலேயே ஆத்திரமாக வந்தது.

இப்போது குளித்துவிட்டு வந்து, டீயைக் குடித்துவிட்டு, மடித்த போர்வையை விரித்துக்கொண்டு மறுபடியும் படுத்தாள். வெளியே தெருக்கோடியில் பையன்கள் டயர் கொளுத்தும் நாற்றமும், தூரத்தில் ஒரகடம் ரோட்டில் கண்டெய்னர் லாரி கியர் மாற்றும் முனகலும், அட்டை ஒட்டாத ஒரு சின்ன இடுக்கு வழியாகச் சுவரில் விழுந்த வெயில் கோடும் சேர்ந்து அவளைக் கிறங்கடித்தன. பதினோராம் பாகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கிவிட்டது.

விழித்தபோது ஃபேன் ஓடவில்லை. கரண்ட் இல்லை. லேப்டாப் அணைந்திருக்க வேண்டும். அது அணையவில்லை. பேட்டரி செத்த லேப்டாப், கரண்ட் இல்லாத அறையில், பாயின் வலது ஓரத்தில் நீல வெளிச்சத்தோடு திறந்திருந்தது. படம் அசையாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மூலையில் இருந்த பாக எண்ணைப் பார்த்தாள்.

பதினெட்டு.

தானாக ஓடியிருக்கலாம். ஓடியிருக்கும். ஆனால் தானாக நிற்காது. யாராவது நிறுத்தினால்தான் நிற்கும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டு, லேப்டாப் செத்துப்போனது. இருட்டில் தரையைத் துழாவினாள். பாயில் அவள் படுத்திருந்த இடது பாதி வியர்வையில் ஈரமாக இருந்தது. வலது பாதி காய்ந்து, கதகதவென்று சூடாக இருந்தது. தலையணையில் சால்டர் வாசனை. அவள் வேலைக்குப் போய் இரண்டு நாள் ஆகிறது. தலைக்கு வேறு குளித்திருந்தாள்.

போனை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து மாடிப்படிக்கு வந்தாள். வெயிலில் கண் கூசியது. பேச்சியின் நம்பரைப் போட்டாள்.

“யக்கா! நல்லா இருக்கீயளா? என்ன திடீர்னு?” பேச்சியின் பின்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற சத்தம்.

“பேச்சி, நீ எப்ப ஊருக்குக் கிளம்புன?”

“நேத்துக் காலையில. ஒரகடம் ஹாஸ்டல்ல இருந்து நாங்க ஒம்பது பேரு சேர்ந்து வேன் புடிச்சு வந்தோம்.”

“ஹாஸ்டலா?”

“ஆமாக்கா. நான் அந்த வீட்டைக் காலி பண்ணி மூணு மாசம் ஆச்சுல்லா. ஐப்பசியிலயே வந்துட்டேன். யாரும் சொல்லலையா?”

யாரும் சொல்லவில்லை. யாருக்கு எந்த ஷிப்ட் என்று யாருக்குமே தெரியாத வீடு அது. சுகப்பிரியா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“நீதானடி போர்வையை மடிச்சு வச்சு, மேல கொண்டை ஊசி வைப்ப?”

“நான் எங்கக்கா ஊசி வச்சேன்? எனக்கு ரப்பர் பேண்டுதான். நீங்கதான் வைக்கீயன்னு நெனச்சேன்.” பேச்சி குரலை இறக்கினாள். “யக்கா, அந்தப் பாயி எப்பவும் சூடாவே கெடக்குமே. அது தாங்காமத்தான் நான் வந்தேன். நீங்க இன்னும் அதுலயா படுக்கீய?”

சுகப்பிரியா போனை வைத்துவிட்டாள். வைத்த கையோடு அது மறுபடி அடித்தது.

அண்ணன்.

“என்னட்டி, ஓ.டி.ன்னு சொன்ன. லைன் சத்தமே கேக்கல?”

“பிரேக் டைம்ணே.”

“குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? தனியா கெடந்து பயப்படுதியா? மறைக்காம சொல்லு. ராத்திரி வண்டியப் புடிச்சேன்னா காலையில அங்க வந்துருவேன். சேர்ந்தே வந்துரலாம். அம்மைக்கும் சந்தோஷமா இருக்கும்.”

ஒரு வார்த்தை போதும். ‘ஆமா’ என்றால் போதும். நாளைக் காலை அண்ணன் வருவான், இந்தப் படியில் இறங்கிப் போய்விடலாம். அதற்குப் பிறகு இந்தப் படியில் ஏறவே வேண்டியதில்லை. மாரிமுத்துவின் வீட்டுப் பின்வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டு காலம் பூராவும் பத்திரமாக இருக்கலாம். அவளுக்கு நெஞ்சு கொதித்தது. பயம் பாதி, கோபம் பாதி. எதற்குத் தெரியுமா கோபம்? போனில் அண்ணன், அறைக்குள் அது, இரண்டு பக்கமும் அவளை அவள் பாயிலிருந்து கிளப்பத்தான் பார்க்கிறார்கள்.

“பயமா? எனக்கா? கூட ஆள் இருக்குண்ணே.”

“யாரு?”

“என் பாய்க்காரி. பேச்சி.”

அவள் அதைச் சொல்லி வாய் மூடவில்லை. பின்னால், கரண்ட் இல்லாத இருட்டு அறைக்குள், சீரியலின் தலைப்பு இசை ஆரம்பித்தது.

“ஏதோ பாட்டுச் சத்தம் கேக்குது. சரி, அந்தப் பிள்ளைகிட்ட போனைக் குடு. நான் ஒரு வார்த்தை பேசணும்.”

சுகப்பிரியா திரும்பிப் பார்த்தாள். திறந்த கதவு. உள்ளே கறுப்பு. கறுப்புக்குள் நீலம்.

கொடுக்காவிட்டால் அவன் வருவான்.

வாசற்படியில் நின்று, போனைப் பிடித்த கையை முழங்கை வரைக்கும் இருட்டுக்குள் நீட்டினாள். கண்ணை மூடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். கையில் இருந்து போனை யாரும் வாங்கவில்லை. மூச்சு மட்டும் பட்டது. விரல்மேல். சூடாக.

ஒரு நிமிஷம். இசை நின்றது. அவள் போனைக் காதில் வைத்தாள்.

“நல்ல பிள்ளையாத்தான் தெரியுது,” என்றான் அண்ணன். குரலில் விறைப்பு போயிருந்தது. “மூணு மாசமா ஒண்ணாத்தான் படுக்கோம், நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லுது. குரல்கூட அச்சு அசலா உன்ன மாதிரியே இருக்கு. சரிட்டி, அப்ப நான் வரல. பத்திரம்.”

போன் அடங்கியது.

தெருவில் டயர் எரிந்து முடிந்திருந்தது. கீழே போகலாம். ரோட்டுக்குப் போகலாம். போனால் எங்கே போவது? அதைவிட, போனால் யார் இங்கே இருப்பது? அவள் குரலில் அண்ணனோடு பேச இன்னொருத்தி இருக்கிறாள். அவள் பாயில் படுக்க, அவள் முறைக்கு வேலைக்குப் போக, எல்லாவற்றுக்கும் இருக்கிறாள். கிளம்பிப் போனவர்களின் இலை காலியாகவா இருந்தது?

“நான் போகமாட்டேன்,” என்று உரக்கவே சொன்னாள். “கேட்டியா? இது என் பாய்.”

உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள்.

பாயின் தலைமாட்டில் போர்வை. நான்கு மடிப்பு. ஊசி. அவள் ஊசியை எடுத்துத் தூர எறிந்தாள். அது தரையில் விழுகிற சத்தம் கேட்கவில்லை. போர்வையை உதறி விரித்தாள். இடது பக்கம் படுத்தாள். வலது பக்கத்துக்கு முதுகைக் காட்டினாள். முகத்துக்கு நேரே லேப்டாப் இருந்தது. அதை எப்போது இந்தப் பக்கம் நகர்த்தினோம் என்று யோசிக்கவில்லை.

முதுகில் சூடு. நெருங்கி வந்தது.

இன்னும் நெருங்கியது.

“தள்ளிப் படு,” என்றாள் சுகப்பிரியா.

பாய் சரசரத்தது. சூடு ஒரு சாண் விலகியது.

பிறகு அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. மெலிந்த, நீளமான பெண் கை. மணிக்கட்டில் நீலப் பட்டை. அறுந்த சுருள் வயர் அவள் கன்னத்தைத் தொட்டு ஆடியது. விரல் ஒரு பட்டனை அமுக்கியது. பத்தொன்பதாம் பாகம். கூடத்தில் இலை போட ஆரம்பித்தார்கள். வேலை முடிந்த கை திரும்பிப் போகவில்லை. அவள் இடுப்பின்மேல் வந்து படிந்துகொண்டது.

காதுக்குப் பின்னால் ஒருத்தி இலைகளை எண்ணினாள். சுகப்பிரியாவின் குரலில்.

“ஒண்ணு... ரெண்டு...”

விடுவாளா? சுகப்பிரியாவும் எண்ணினாள். அதைவிடச் சத்தமாக எண்ணினாள். மூணு. நாலு. அஞ்சு. இரண்டு குரலும் சேர்ந்து போயின, ஒன்றை ஒன்று விடாமல். ஏழு. எட்டு.

பதினொன்று என்று சொல்லும்போது ஒரு குரல்தான் இருந்தது. போர்வைக்குள் திறந்திருந்த இரண்டு ஜோடிக் கண்களில் எந்த ஜோடிக்கு அது சொந்தம் என்று சொல்ல அந்த அறையில் வேறு ஆள் இல்லை.