பிரபாகரனின் தபால் தராசு

“எங்க வீட்டைக் கவுத்துப் போட்டுத் தேடுனாகக்கா. தெருவே நின்னு பாத்துச்சு. நான் களவாணியா?”

ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் சூர்யகலாவிடம் ஆத்திரத்தோடு கேட்டாள் ரோஜா. சிலமலையிலிருந்து போடிக்கு வந்து, ஏலக்காய் வியாபாரி பிரபாகரன் வீட்டில் வேலை செய்பவள் அவள். அவருடைய பழைய தபால் தராசை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டாள் என்று பழி. தேடியது அவருடைய ஆட்கள்.

சூர்யகலா உடனே கிளம்பினார். பக்கத்துக் கடைக்காரன் பைரோஸும் கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்தான். கடிதம் நிறுக்கும் சின்னத் தராசுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவன் அவன்.

பிரபாகரன் வீட்டு முன்னறையில், ஜன்னலோரத் தேக்கு மேசை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அதன்மேல் தராசு.

“பத்து வருசமா இதே எடத்துலதான் மேடம் இருக்கு. மலை மேல வெள்ளைக்காரத் துரை பங்களாவுல இருந்து வந்தது. முந்தாநாள் மூணாறுக்காரர் ஒருத்தர் பாக்க வந்தப்பத்தான் மாறிப்போனது தெரிஞ்சுது. அதுக்கு மொத நாள் சாயங்காலம்கூட அசல் இருந்துச்சு. இந்த அறைக்குள்ள வந்தவ இவ ஒருத்திதான்.”

பைரோஸ் எடைக்கற்களை எடுத்துப் பார்த்தான். “போலியேதான்க்கா! கல்லுல கிராம் போட்டிருக்கு. துரை காலத்துத் தபாலுக்குக் கிராம் ஏது? அவுன்சு, தோலாதான்.”

ரோஜா அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

“அசல் எப்படி இருக்கும்?” என்று கேட்டார் சூர்யகலா.

“அடிக்கட்டை நல்ல வட்டம்,” என்றார் பிரபாகரன். “இது பாருங்க, எட்டு மூலை. பாத்தவுடனே தெரியுதுல்ல?”

“பைரோஸ், தராசைத் தூக்கு.”

தூக்கினான். வெயில் படாத இடம் மட்டும் கருந்தேக்காக இருந்தது. அந்தத் தடத்துக்கும் எட்டு மூலை.

“ரெண்டு நாள் வெயில்ல இப்படித் தடம் விழாது,” என்றார் சூர்யகலா. “பத்து வருசமா இங்க நின்னது இதே தராசுதான். போலியை அசல்னு சொல்லி எவனோ உங்க தலையில கட்டிட்டான். மூணாறுக்காரர் கிராமைப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டார். ஏமாந்ததை ஒத்துக்க வெக்கப்பட்டு, இவளைக் களவாணி ஆக்கிட்டீங்க.”

பிரபாகரனுக்கு வியர்த்தது. “அந்தாளு சிரிச்சுட்டான் மேடம். சட்டுனு வாயில வந்துருச்சு.” பிறகு ரோஜாவிடம், “சரி, விடு. நாளைக்கு வேலைக்கு வந்துரு,” என்றார்.

“வேலையா? தெருவுல வச்சுத்தான அசிங்கப்படுத்துனீக? அங்க வந்து சொல்லுங்க.”

“உங்க ஜீப்பை எடுங்க,” என்றார் சூர்யகலா.

சிலமலையில் ஜீப்பு நின்றதும் சனம் கூடிவிட்டது. பிரபாகரன் தரையைப் பார்த்து முணுமுணுத்தார்: “ரோஜா எதையும் எடுக்கலை.”

“நான் எடுக்கலைங்கறது எனக்கே தெரியும்,” என்றாள் ரோஜா. “நீங்க என்ன செஞ்சீக? அதைச் சொல்லுங்க.”

அவர் சூர்யகலாவைப் பார்த்தார். சூர்யகலா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் பொய் சொன்னேன்.”

“கேக்கலை.”

மறுபடி சொன்னார். இந்த முறை தெருக்கோடி வரை கேட்டது.