சண்டியரின் செவிக்கல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறைக்குள் போன ஜெனிட்டா, உள்ளே ஒரு முழு நாளைக் கழித்துவிட்டுப் பத்து மணிக்கு வெளியே வந்தாள். கையில் எவர்சில்வர் கிண்ணம். அதில் அவளுடைய சண்டை மீன், சண்டியர், பக்கவாட்டில் மிதந்தது.

“செத்துப்போச்சும்மா” என்றாள். அழவில்லை.

அழுதது அவள் அம்மா பிரகாசிதான். செவ்வாய்க்கிழமை, துறைமுக அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், குளோரின் போக ஒரு நாள் வைத்திருக்காமல் குழாய்த் தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றியது அவள்தான். மீனுக்கு ஒரு மாதமாகவே உடம்பு சரியில்லை. நீலம் வெளிறி, முதுகு வளைந்து, கண்ணில் பால் படர்ந்திருந்தது. உப்புப் போட்டார்கள், மருந்து விட்டார்கள், எதுவும் பலிக்கவில்லை. ஆனாலும் குழாய்த் தண்ணீர்தான் கொன்றிருக்கும் என்று அவள் மனம் அடித்துச் சொன்னது.

“உன்னால இல்லம்மா. அதுக்கு நேரம் வந்துட்டு, போயிட்டு” என்று ஜெனிட்டா அவள் தோளைத் தடவினாள். பதினாறு வயதுப் பிள்ளைக்குத் துக்க வீட்டுப் பெரியவர்களின் குரல் எங்கிருந்து வந்தது என்று பிரகாசிக்குப் புரியவில்லை.

அந்த அறையில் இருந்தது பொழுதுவிரி. பார்வைக்கு மேசை விளக்குதான். அதன் தேன்நிற ஒளிக்குள் உட்கார்ந்துவிட்டால், வெளியே ஒரு மணி நேரம் ஓடுவதற்குள் உள்ளே ஒரு நாள் விரியும். மின்விசிறியின் இறக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஜன்னலுக்கு அப்பால் காகம் ஆகாயத்தில் ஒட்டவைத்ததுபோல் நிற்கும். புத்தகத்தின் பக்கம் புரண்டு விழுவதற்குள் முந்தைய பக்கம் மனப்பாடமாகிவிடும். நீள்வது மனத்தின் பொழுது மட்டும்தான், உடம்புக்கு ஒன்றும் தெரியாது, பசிகூட எடுக்காது என்று விற்றவர்கள் சொன்னார்கள். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் குக்கர் இல்லாவிட்டாலும் பொழுதுவிரி இருந்தது. பிரகாசி வாங்கினாலும் கண்டிப்பாக இருந்தாள். ஞாயிறு ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு.

தண்ணீர்தான் கொன்றதா என்று தெரிந்துகொள்ள, திங்கட்கிழமை மதியம் பிரகாசி கடற்கரைச் சாலையில் இருந்த மீன் ஆய்வகத்துக்குக் கிண்ணத்தோடு போனாள். அங்கே சிவனணைந்தான் என்ற ஆய்வாளர் மீனைப் பிளந்து பார்த்தார்.

“செவுள் சுத்தமா இருக்கு. புழு இல்ல, பூஞ்சை இல்ல. குழாய்த் தண்ணி மருந்து சுட்டிருந்தா இங்க காயம் தெரியும்மா. அதுவும் இல்ல.”

பிறகு மீனின் தலைக்குள்ளிருந்து மணல் துகளில் பாதியளவு வெள்ளைத் துணுக்கு ஒன்றை எடுத்து வரையெண்ணி என்ற கருவியில் வைத்தார்.

“இது செவிக்கல். மரத்துக்கு வருஷ வளையம் மாதிரி மீனுக்கு நாள் வளையம். உடம்புக்குள்ள ஓடுத கடிகாரம் ஒரு நாள்னு சொன்னா, கல்லுல ஒரு வரை, ஒரு கோடு விழும்.”

திரையில் வளையங்கள் விரிந்தன. யாரோ குளத்தில் கல்லெறிந்துவிட்டுப் போனபின் அலைகள் அப்படியே உறைந்ததுபோல் இருந்தது. பிரகாசி தன்னை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்ப வாங்கினீங்க?”

“பதினாலு மாசம் ஆச்சு சார். அப்ப சின்னக் குஞ்சு.”

“ஆயிரத்து ஐந்நூத்து எண்பத்து நாலு வரை இருக்கு. நாலு வயசுக்கு மேல. இந்த ஜாதி மீனுக்கு இது பழுத்த கிழம். நோய் எதுவும் இல்லம்மா, வயசாகித்தான் செத்திருக்கு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தொட்டி இருந்த இடத்துல பொழுதுவிரி உண்டா?”

“உண்டு. ஆனா உடம்புக்குத் தெரியாதுன்னுதானே சொன்னாங்க?”

“சொன்னாங்க. கல்லு வேற சொல்லுது. இந்த மாசம் இது எட்டாவது மீன். எல்லாத்தையும் மேலிடத்துக்கு எழுதி அனுப்பியிருக்கேன், பதில் இல்ல. எங்க வீட்டு விளக்கைக் கழட்டிட்டேன். என் மகன் பேச மாட்டேங்கான்.”

பிரகாசி விரல் மடித்தாள். மீன் வந்த மாதமேதான் விளக்கும் வந்தது. அறுபது ஞாயிறு, அறுபது நாள். பதினாலு மாத நாட்களோடு அதையும் சேர்த்தால்கூட அறுநூறைத் தாண்டாதே!

அவர் திரையைப் பெரிதாக்கினார். “தடிச்ச வரை, மீன் இரை தின்ன நாள். நடுவுல பாருங்க, ரெண்டு மூணு மெல்லிசு வரை. அது விளக்குக்குள்ள போன நாள். வாரத்துக்கு ஒருக்கா இல்லம்மா, தினமும் விழுந்திருக்கு.”

பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடும். பிரகாசி ஆறு மணிக்கு வீடு திரும்புவாள். நடுவில் இரண்டரை மணி நேரம். ஆய்வறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அலுவலகத்துக்குப் போகாமல் பஸ் ஏறினாள்.

வீட்டை அடைந்தபோது மணி நான்கு. அறைக் கதவின் இடுக்கில் தேன் கசிந்துகொண்டிருந்தது. உள்ளே ஜெனிட்டா சிலைபோல் உட்கார்ந்திருந்தாள். முன்னால் புத்தகம் இல்லை. மீனில்லாத தொட்டியில் ஒரு காற்றுக்குமிழி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் அப்படியொரு அமைதி. பெண் வளர்த்தி பீர்க்கங்கொடி என்று பூரித்துப்போய் இந்த வருடம் இருமுறை சீருடை மாற்றித் தைத்தவள், இப்போதுதான் மகளை உற்றுப் பார்த்தாள். கன்னத்தின் குழந்தைச் சதை எப்போது போனது?

கை நீட்டி விளக்கை அணைத்தாள்.

“தினமும் போடுதியா?”

ஜெனிட்டா மறைக்கவில்லை. “ஆமாம்மா.”

“அவ்வளவு படிக்கவா இருக்கு?”

“பாடமெல்லாம் முடிச்சு ரொம்ப நாளாச்சு. சும்மா இருக்கத்தாம்மா போட்டேன். வெளிய எங்க சும்மா இருக்க விடுதாங்க? டெஸ்ட்டு, மார்க்கு, அடுத்த டெஸ்ட்டு. உள்ள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சண்டியர் செட்டையை விரிச்சா, அது மூடுததுக்குள்ள ரொம்ப நேரம் ஆயிரும். நான் பாத்துக்கிட்டே இருப்பேன்.”

பிரகாசி செவிக்கல்லைப் பற்றிச் சொன்னாள். ஜெனிட்டா தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்ப அது நெசந்தான்” என்றாள் மெதுவாக. “போன மாசம் கடைசிக் கடைவாய்ப் பல்லு முளைச்சுதும்மா. இருபது வயசு வாக்குலதான் அது வரும்னு டீச்சர் சொன்னாங்க. நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன்.”

பெற்றவள் கேட்கக்கூடிய கேள்வியல்ல அது. இருந்தும் கேட்டாள். “ஏட்டி, உனக்கு இப்ப என்ன வயசு?”

“பத்தொன்பது. நடுவுல மூணு பிறந்தநாள் வந்துதும்மா. நானும் சண்டியரும் மட்டும் கொண்டாடினோம்.”

பிரகாசி அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அவள் பார்க்காத மூன்று வருடங்களின் கனம் மடியில் இறங்கியது.

“எதிர்வீட்டு ரோஷன் காலையிலயும் போடுதான்மா” என்றாள் ஜெனிட்டா திடீரென்று. “அவன் பத்தாவதுதான்.”

பிரகாசி அறிக்கையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். தெரு நெடுக, மாடிக்கு மாடி, ஜன்னல்களில் தேன்நிற ஒளி நிறைந்திருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னத் தலை அசையாமல் தெரிந்தது. எதிர்வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

ரோஷனின் அம்மா கதவைப் பாதி திறந்து, உதட்டில் விரல் வைத்தாள்.

“மெதுவாக்கா, பிள்ளை படிக்கான். எதா இருந்தாலும் ஒரு மணி நேரம் கழிச்சு வாங்களேன்.”